எட்டயபுரத்து அரச மரபும் இசைப்புலவர் நட்பும் – ஒரு குடிவழி நோக்கு

புதுச்சேரி, கதிர்காமத்தில் உள்ள நம் இல்லத்துக்குத் தேர்வுக் காலங்களில் மாணவர் சிலர் ஐயம் தெளிய வருவதுண்டு. ஒரு மாலை சீறாப்புராணப் பாடம் கேட்க வந்த இருவரிடையே சிறு பூசல் எழுந்தது. ஒருவர் வகுப்புக்கு வாராததை மற்றவர் ஆசிரியரிடம் சொல்லிவிட்டாராம். சினந்தவர், “நீ ஒரு எட்டப்பன்” என்றார். அவர் கைக்கு எதிரே மேசைமேல் சீறாப்புராணம் விரிந்து கிடந்தது. அந்நூலாசிரியர் வரலாற்றுப் பக்கத்தை உரக்கப் படிக்குமாறு அவரையே பணித்தோம். உமறுப் புலவர் எட்டயபுரம் அரசவையில் விளங்கியவர். எட்டப்ப மன்னரால் போற்றப் பெற்றவர். எட்டயபுரத்து மண்ணிலேயே அடங்கியவர். படித்து முடித்த மாணவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “ஐயா, அந்தக் குடும்பம் இப்போதும் இருக்கிறதா? தங்கள் பெயரே வசைச்சொல்லாக வழங்குவதைக் கேட்டால் அவர்களுக்கு எப்படி இருக்கும்?” என்று வினவினார்.

அவ்வினாவுக்கு அன்று நாம் கூறிய விடை நிறைவானதன்று. அதன்பின் படித்தும் எண்ணியும் அறிந்தவற்றை இம்மலரின் வாயிலாக மாணவர்க்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் சமுதாயப் பெரியோர்க்கும் முன்வைக்க விழைகின்றோம்.

ஒரு குறுநில மரபின் வழித்தோன்றல்களைத் தேடப் புகுவோர் பெரும்பாலும் அரண்மனைப் பட்டயங்களையும் அரசு ஆவணங்களையுமே நாடுவர். எட்டயபுரத்தைப் பொறுத்தவரை அவற்றினும் நல்ல கைவிளக்கு ஒன்று உண்டு. அம்மரபினரோடு நட்புப் பூண்டு அவ்வூரிலேயே வாழ்ந்து மறைந்த இசைப்புலவர் குடும்பத்தின் வரலாறே அது. முத்துசாமி தீட்சிதர் குடும்பத்தைக் குறிக்கின்றோம்.

பெயரின் வரலாறு

“எட்டப்பன்” என்பது தனி ஒருவரின் பெயரன்று. ஒரு மரபின் பட்டப்பெயர். இதனை முதற்கண் மனங்கொள்ளல் வேண்டும். அம்மரபினர் தெலுங்கு பேசும் இராசகம்பளத்தார். அவர்தம் முன்னோர் ஒருவர் விசயநகரம் சென்றபோது, கோட்டை வாயிலில் வருவோரையெல்லாம் இழிவுபடுத்திய சோமன் என்னும் மல்லனை எதிர்த்து வீழ்த்தினாராம். மன்னர் அவர் வீரத்தைப் பாராட்டியதோடு, இறந்த மல்லனின் தம்பியர் எண்மரையும் காக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்புவித்தாராம். எட்டுப் பேருக்கு அப்பனாக இருந்து காத்தமையால் எட்டப்பன் ஆயினார் என்பது அம்மரபார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. இஃது எந்த அளவுக்கு வரலாறு, எந்த அளவுக்குப் புனைவு என்பது வேறு. தான் கொன்றவனின் தம்பியரைத் தானே தந்தையாக நின்று வளர்த்த கதையிலிருந்து பிறந்த பெயர், காட்டிக் கொடுப்பவனைக் குறிக்கும் சொல்லாக மாறியதை எண்ணும்போது சொற்பொருள் மாற்றம் பற்றி மொழிநூலார் கூறுவனவெல்லாம் நினைவுக்கு வருகின்றன.

அம்மரபு பற்றிய முதன்மை நூல் “வம்சமணி தீபிகை”. கவிகேசரி சுவாமி தீட்சிதர் இயற்றி 1879-இல் வெளிவந்த உரைநடை நூல் அது. அரண்மனையின் பார்வையில் எழுதப்பட்டதாகலின் புகழுரை மிகுந்திருப்பது இயல்பே. எனினும் குடிவழி ஆய்வுக்கு அதனை விட்டால் வேறு அடிப்படை இல்லை.

அதனைக் கையிலெடுக்கும் மாணவர் முதலில் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. சகவீரராம, குமார, வெங்கடேசுவர, எட்டப்ப என்னும் பெயர்க் கூறுகளே தலைமுறைதோறும் மாறிமாறி வரும். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. ஆனால் ஓர் அரச மரபில் அது தொடரும்போது எந்த வெங்கடேசுவர எட்டப்பர் எவருக்குத் தந்தை, எவருக்குப் பேரன் என்று பிரித்தறிவது எளிதன்று. பெயரைக் கொண்டு அறிய இயலாததை ஆண்டைக் கொண்டே அறிய வேண்டும். இசைப்புலவர் குடும்பம் நமக்கு உதவுவது இவ்விடத்தில்தான். தீட்சிதர் குடும்பத்தினரின் பிறப்பு, இறப்பு ஆண்டுகள் தெளிவாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே பெயருடைய மன்னர்கள் தத்தம் காலத்தில் தனித்தனியே நிற்பார்கள்.

உமறுப் புலவர் காலம்

தீட்சிதர் குடும்பத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்பே அவ்வரண்மனை வாயில் புலவர்க்குத் திறந்திருந்தது. உமறுப் புலவர் 1642-இல் எட்டயபுரத்துக்கு அணித்தான நாகலாபுரத்தில் பிறந்தார் என்பர். தந்தையார் நறுமணப் பொருள் வாணிகம் செய்தவர். எட்டயபுரம் அரசவைப் புலவராக விளங்கிய கடிகைமுத்துப் புலவரிடம் உமறு தமிழ் பயின்றார். இளமையிலேயே வடநாட்டினின்று வந்த வாலை வாரிதி என்னும் புலவரை வாதில் வென்று, ஆசிரியருக்குப் பின் அரசவைப் புலவரானார் என்னும் செய்தி நம் சமுதாயத்தில் சிறுவரும் அறிந்ததே.

சீறாப்புராணம் பிறந்த வரலாற்றை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் தூண்டுதலும், மேதை சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களின் வழிகாட்டுதலும், அபுல்காசிம் மரைக்காயரின் பொருளுதவியும் ஒன்றுசேர்ந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களைக் கொண்ட அப்பெருங்காப்பியத்தைத் தமிழுக்குத் தந்தன. நூலினுள் புலவர் நன்றியுடன் புகழ்வது அபுல்காசிம் மரைக்காயரையே. காப்பியத்துக்குப் பொருள் தந்தவர் காப்பியத்தில் இடம் பெற்றார். ஆனால் அக்காப்பியப் புலவரைச் சிறுவனாக இருந்தபோதே தம் அவையில் ஏற்று, கோயில் மணியோசை கேட்கும் ஊரில் ஓர் இசுலாமிய இளைஞருக்குப் புலமைப் பீடம் அளித்தவர்களின் நினைவு, புலவர் அடங்கிய இடத்தைக் கொண்டே நிலைக்கின்றது. அவர் கீழக்கரையிலோ பரங்கிப்பேட்டையிலோ அடங்கவில்லை. 1703-இல் எட்டயபுரத்தில் அடங்கினார் என்பது மரபு. அவ்விடத்தில் 1912-இல் நினைவு மண்டபம் எழுப்பியவர் பிச்சையாக் கோனார் என்னும் இந்துப் பெருமகனார் என்பதையும் நம் மாணவர் அறிதல் நன்று. பின்னாளில் தமிழக அரசும் அங்கு மணிமண்டபம் அமைத்தது.

கடிகைமுத்துப் புலவரின் பெயரில் உள்ள “கடிகை” என்னும் அடையையும் இங்கே குறித்து வைத்துக் கொள்ள வேண்டும். அதற்கு மீண்டும் வருவோம்.

தீட்சிதர் வருகை

முத்துசாமி தீட்சிதர் திருவாரூரில் பிறந்தவர். தந்தையார் இராமசாமி தீட்சிதரும் பேரிசைப் புலவர். அம்சத்துவனி இராகத்தை உருவாக்கியவர். சென்னையை அடுத்த மணலியின் செல்வரான முத்துக்கிருட்டிண முதலியார் அக்குடும்பத்தை ஆதரித்தார். சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்துக்குப் புரவலராக நின்றவரும் அவரே. மணலியில் வாழ்ந்த காலத்தில்தான், தீட்சிதரின் இளைய தம்பி பாலுசாமி தீட்சிதர் (1786–1858) ஆங்கிலேயரின் வாத்திய இசையைக் கேட்டுப் பிடில் பயின்றார். இன்று கருநாடக இசை மேடையில் பிடில் இல்லாத கச்சேரி அரிது. அக்கருவியை நம் இசைக்கு உரியதாக்கிய முன்னோடிகளுள் பாலுசாமி தீட்சிதரை முதன்மையாகக் கூறுவர்.

பாலுசாமி தீட்சிதரை எட்டயபுரம் மன்னர் தம் சமத்தான வித்துவானாக அமர்த்திக் கொண்டார். மதுரையில் மற்றொரு தம்பியான சின்னசாமி மறைந்தபின், எஞ்சிய தம்பியைத் தேடி முத்துசாமி தீட்சிதர் எட்டயபுரம் நோக்கிப் புறப்பட்டார். தம்பிக்கு அரண்மனையில் நடக்கவிருந்த திருமணச் செய்தியை வழியில் கேட்டறிந்தார் என்றும், அப்பொழுது அக்கரிசல் நிலம் மழையின்றி வறண்டு கிடந்தது கண்டு அமிர்தவர்சினி இராகத்தில் பாட மழை பொழிந்தது என்றும் சொல்வர். மழை பெய்த செய்தியை நம்புவதும் நம்பாததும் அவரவர் உளப்பாங்கு. எட்டயபுரம் வட்டாரத்தில் மழை பொய்ப்பது மட்டும் எல்லாரும் ஒப்பும் செய்தி. மழைக்காகப் பாடிய பாட்டே அவ்வூரோடு தீட்சிதரை இணைத்த முதற் செய்தியாக நிற்பது அந்நிலத்தின் இயல்புக்கு எத்துணைப் பொருத்தம்!

இந்நட்பில் நாம் கருதிப் பார்க்க வேண்டிய சிறப்பு ஒன்றுண்டு. தீட்சிதர் மன்னர்களைப் பாடி வாழ்ந்தவர் அல்லர். அவர்தம் கீர்த்தனைகளில் பாட்டுடைத் தலைமை இறைவனுக்கே. எனவே அரண்மனைக்கு அவரால் விளைந்த புகழ், பாட்டில் பெயர் பொறிக்கப்பட்டதால் வந்ததன்று. அவர் அங்கே தங்கினார் என்பதால் வந்தது. கொடுப்பவர் பெறுபவர் என்னும் உறவினும் இது வேறுபட்டது. அதனாலேயே நட்பு என்னும் சொல்லைத் தலைப்பில் ஆண்டோம்.

1835-ஆம் ஆண்டு தீபாவளி நாளில் தீட்சிதர் எட்டயபுரத்தில் மறைந்தார். அன்று காலை பட்டத்து யானை கட்டுக்கடங்காமல் சுடுகாடு நோக்கி ஓடியது என்றும், அரசுக்கு ஏதேனும் கேடு சூழுமோ என்று அஞ்சிய மன்னர் தீட்சிதரிடம் விரைந்து வந்தார் என்றும், மன்னருக்கும் நாட்டுக்கும் தீங்கில்லை என ஆறுதல் கூறிய தீட்சிதர், மாணவரைப் பாடச் செய்து, பாட்டின் நடுவிலேயே உயிர் நீத்தார் என்றும் அக்குடும்ப மரபு கூறும். கதையின் சுவையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் ஓர் உண்மை எஞ்சுகின்றது. அச்சம் வந்தபோது மன்னர் தேடிச் சென்றது இசைப்புலவரின் வீட்டை. அவர்தம் சமாதி இன்றும் எட்டயபுரத்தில் உள்ளது. ஒரே சிற்றூரில் உமறுப் புலவரின் அடக்கத்தலமும் தீட்சிதரின் சமாதியும் அமைந்திருப்பதைக் கண்டவர் எவரும் வியவாதிரார்.

இரு குடும்பம், ஒரே ஊர்

முத்துசாமி தீட்சிதரோடு அந்நட்பு முடிந்துவிடவில்லை. பாலுசாமி தீட்சிதருக்கு மகன் இல்லாமையால், மகள் வயிற்றுப் பேரனைத் தத்தெடுத்தார். அப்பிள்ளையே சுப்பராம தீட்சிதர் (1839–1906). இளமையிலேயே எட்டயபுரம் சமத்தான வித்துவானாகி, இறுதிவரை அவ்வூரிலேயே வாழ்ந்தார். அவர் மகன் அம்பி தீட்சிதர் (1863–1936) அரண்மனைப் பணிக்குப்பின் சென்னை சென்று, நீதியரசர் டி.எல். வெங்கடராம ஐயர், டி.கே. பட்டம்மாள் முதலியோருக்குத் தீட்சிதர் கீர்த்தனைகளைக் கற்பித்தார். இன்று நாம் வானொலியில் கேட்கும் தீட்சிதர் பாடல்கள் பல இவ்வழியே வந்தவை.

இசைக் குடும்பத்தின் வழி தத்து வழியாக வந்தது. இரத்த வழியிலும் நேரே வரவில்லை, பெண் வழியாக வந்தது. ஆயினும் இசையுலகம் அதனைத் தீட்சிதர் மரபு என்றே ஏற்றுக்கொண்டது. வழித்தோன்றல் என்னும் சொல்லை மிகக் குறுகிய பொருளில் கொள்ளும் மாணவர்க்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அரண்மனைப் பக்கம் திரும்புவோம். பாலுசாமி தீட்சிதர் வாழ்ந்த காலத்தில் பட்டத்திலிருந்த குமார எட்டப்பர் தாமே பாடல் இயற்றும் ஆற்றல் பெற்றிருந்தார். அவர் பாடல்கள் சில இன்றும் கிடைக்கின்றன. புலவரை ஆதரித்த மரபில் ஒருவர் தாமே வாக்கேயகாரரானது அந்நட்பின் கனி எனலாம். அம்மரபினர் கழுகுமலை முருகன்பால் பேரன்பு பூண்டவர்கள். கழுகுமலை அவர்தம் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. (அதே கழுகுமலை முருகன்மீது காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாருக்கு ஊற்றுமலை ஜமீன்தார் புரவலராக இருந்தார். அது தனிக் கட்டுரைக்கு உரிய பொருள்.) கதிர்காமம் என்னும் பெயருடைய ஊரில் அமர்ந்து இதனை எழுதும் நமக்கு வேறொன்றும் தோன்றுகின்றது. ஈழத்துக் கதிர்காமத்தில் முருகன் திருத்தலத்தின் அருகே பள்ளிவாசலும் உண்டு. இரு சமயத்தாரும் அங்குச் செல்வர். எட்டயபுரத்தில் தர்காவும் சமாதியும் ஒரே ஊரில் அமைந்தது தமிழர் வாழ்வில் தனித்த ஒரு விந்தையன்று.

இனி, குடிவழித் தேடலில் பெருந்துணையாகும் நூலைச் சொல்ல வேண்டும். சுப்பராம தீட்சிதரின் “சங்கீத சம்பிரதாயப் பிரதரிசினி” 1904-இல் எட்டயபுரம் வித்தியா விலாசினி அச்சகத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சாயிற்று. அது வெளிவந்த வரலாறே ஒரு நட்பின் வரலாறு. சென்னையில் அரசுப் பணியில் இருந்த ஏ.எம். சின்னசாமி முதலியார் என்னும் கிறித்தவப் பெருமகனார் நம் இசையை மேலைநாட்டுச் சுரக்குறிப்பில் பதிப்பிப்பதைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர். அப்பணியில் அவருக்குக் கண்பார்வை மங்கியது. கைப்பொருளும் கரைந்தது. 1899-இல் எட்டயபுரத்தில் நடைபெற்ற முடிசூட்டு விழாவின்போது அவர் அங்குச் சென்று, சுப்பராம தீட்சிதர் தம் குடும்பச் செல்வமாகக் காத்துவந்த கீர்த்தனைகளை நூலாக்க வேண்டுமென்று மன்னரிடம் மன்றாடினார். மன்னர் இசைந்தார். குடும்பத்துக்கு வெளியே செல்லாதிருந்த இசை நாட்டுக்கு உரியதாயிற்று. முத்துசாமி தீட்சிதரின் இருநூற்றுக்கும் மேற்பட்ட கீர்த்தனைகள் கமகக் குறிப்புகளுடன் அந்நூலில் உள்ளன. சென்னை மியூசிக் அகாடமி 1961 தொடங்கி அதனைத் தமிழ் எழுத்தில் பல தொகுதிகளாக வெளியிட்டது.

இசை பயிலாத தமிழ் மாணவர் அந்நூலை அஞ்சி ஒதுக்க வேண்டா. அதில் எழுபதுக்கும் மேற்பட்ட இசைவாணரின் வாழ்க்கைக் குறிப்புகள் உள்ளன. அவற்றினூடே எட்டயபுரம் மன்னர்கள் வருகின்றார்கள். எவர் காலத்தில் பாலுசாமி தீட்சிதர் வந்தார், எவர் காலத்தில் சுப்பராமர் வளர்ந்தார், எவர் நூலை அச்சிட்டார் என்று பார்த்தால், வம்சமணி தீபிகையில் ஒரே பெயராய்க் குழம்பி நின்றவர்கள் வெவ்வேறு முகங்களோடு காட்சி தருவர். மேலும், அந்நூலில் இடம்பெற்ற தமிழ்ப் பாடல்களுள் கடிகை மூக்குப் புலவர் இயற்றியனவும் உள்ளன. கடிகை! உமறுப் புலவரின் ஆசிரியர் பெயரில் நாம் குறித்துவைத்த அதே அடை, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் அதே அவையில் ஒலிக்கின்றது. இதனை முதன்முதலில் கண்ணுற்றபோது நாம் அடைந்த மகிழ்ச்சி சொல்லுந்தரமன்று. சீறாப்புராணத்தையும் சங்கீத சம்பிரதாயப் பிரதரிசினியையும் ஒருசேரக் கற்பார் அரியர் ஆதலின் இத்தொடர்பு பலர் கண்ணில் படுவதில்லை.

1799

இத்துணையும் கூறியபின் அந்த ஆண்டைப் பற்றிப் பேசாமல் விடுவது நேர்மையாகாது.

பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் எல்லைப் பூசல் நெடுநாள் இருந்தது. 1799-இல் மேசர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியபோது எட்டயபுரம் பாளையக்காரர் ஆங்கிலேயர் பக்கம் நின்றார். கோட்டையை விட்டு வெளியேறிய கட்டபொம்மனை எட்டயபுரப் படை பின்தொடர்ந்தது. கட்டபொம்மன் பிடிபட்டதோ புதுக்கோட்டைத் தொண்டைமானின் எல்லையில். பிடித்துக் கொடுத்தவர்கள் தொண்டைமானின் ஆட்கள். 1799 அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் அவ்வீரர் தூக்கிலிடப் பெற்றார். பாஞ்சாலங்குறிச்சியின் ஊர்களில் ஒரு பகுதி எட்டயபுரத்துக்குக் கொடுக்கப்பட்டது. ஆங்கிலேயருக்குத் துணைநின்றமையையும் பயன் பெற்றமையையும் எவரும் மறுக்க இயலாது. பின்னர் ம.பொ. சிவஞானம் அவர்களின் நூலும், 1959-இல் வெளிவந்த “வீரபாண்டிய கட்டபொம்மன்” திரைப்படமும் கட்டபொம்மன் புகழை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. அதே வேகத்தில் “எட்டப்பன்” என்பதும் வசைச்சொல்லாய்ப் பரவியது. தொண்டைமான் பெயர் அவ்வாறு ஆகவில்லை. மக்கள் நாவில் ஒரு பெயர் விழுவதும் மற்றொன்று தப்புவதும் எந்த நீதியின்படி என்பது வியப்புக்குரியது.

ஆண்டுகளைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். உமறுப் புலவர் மறைந்தது 1799-க்கு 96 ஆண்டுகள் முன்னர். தீட்சிதர் மறைந்தது 36 ஆண்டுகள் பின்னர். சுப்பராமரின் நூல் அச்சானது 105 ஆண்டுகள் பின்னர். இவர்கள் அறிந்த எட்டப்பர்கள் வெவ்வேறு மனிதர்கள். 1759-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எட்டயபுரத்தின் பக்கம் நின்று யூசுப்கானின் படையை எதிர்த்து உயிர்துறந்த கட்டாலங்குளம் அழகுமுத்துக்கோனை நாம் போற்றுகிறோம். அவர் எவருக்காகப் போரிட்டார் என்று கேட்டால் அதுவும் ஓர் எட்டப்பருக்காகவே. பட்டப்பெயரை ஒரு மனிதனாகக் கருதியதால் இத்தனை பேரும் ஒரே குற்றக்கூண்டில் ஏற்றப்பட்டனர்.

எனினும் மாணவர் மறுபக்கத்தையும் மறத்தலாகாது. 1803-இல் நிலையான வரித்திட்டத்தின் கீழ் ஜமீனாக உறுதி செய்யப்பட்ட எட்டயபுரத்தின் செல்வத்தில் பாஞ்சாலங்குறிச்சி மண்ணின் விளைச்சலும் கலந்திருந்தது. பாலுசாமி தீட்சிதருக்கு அளந்த நெல்லில் அதுவும் இருந்திருக்கும். இசையைக் காத்த கையும் கும்பினியாரோடு சேர்ந்த கையும் ஒரே குடும்பத்தின் கைகள். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது ஆய்வாகாது. புகழ்மாலை சூட்டுவோரும் வசைபாடுவோரும் இதில் ஒரே தவற்றைச் செய்கின்றனர் என்பது நம் துணிபு.

பாரதியும் புதுச்சேரியும்

எட்டயபுர அரண்மனையை உள்ளிருந்து கண்டு, அதன் ஒளியையும் இருளையும் ஒருசேர எழுதியவர் ஒருவர் உண்டு. அவர் நம் புதுச்சேரிக்கும் உரியவர். 1882-இல் எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணியம், பதினோராம் வயதில் அவ்வூர்ப் புலவர் அவையில் “பாரதி” பட்டம் பெற்றார். தந்தையார் சின்னசாமி ஐயர் அரண்மனைக்கு அணுக்கமானவர். 1897-இல் தம் கல்விக்கு உதவுமாறு சிறுவன் பாரதி மன்னருக்குச் செய்யுளில் விண்ணப்பம் எழுதினார். காசியில் வாழ்ந்து திரும்பியபின் சிறிது காலம் அரண்மனையில் பணி செய்தார், 1904-இல் நீங்கினார். சுப்பராம தீட்சிதர் 1906-இல் மறைந்தபோது பாரதி இரங்கற்பா இயற்றினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. பாட்டுக்கு மெட்டும் தாமே அமைக்க வல்ல அக்கவிஞர், அவ்வூரின் இசைக்காற்றைச் சுவாசித்தே வளர்ந்தார்.

1908 முதல் 1918 வரை பாரதி புதுச்சேரியில் வாழ்ந்தார். ஈசுவரன் தருமராசா கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவில்லமாக உள்ளது. இங்கு வாழ்ந்த காலத்தில்தான் “சின்னச் சங்கரன் கதை” எழுதினார். ஒரு ஜமீன்தாரின் சோம்பலையும் வீண் ஆடம்பரத்தையும் அவரைச் சூழ்ந்த துதிபாடிகளையும் நகையாடும் அக்கதையைப் படிப்போர், எட்டயபுரத்து அனுபவமே அதற்கு ஊற்று என்பதை எளிதில் உணர்வர். உமறுக்கும் தீட்சிதருக்கும் இடந்தந்த அவை, பாரதி காலத்தில் எவ்வாறு தேய்ந்திருந்தது என்பதற்கு அதுவே சான்று.

ஆயினும் பாரதி அவ்வுறவை அறவே துறக்கவில்லை. புதுச்சேரியை விட்டுக் கடையம் சென்றபின், 1919-இல் எட்டயபுரம் மன்னருக்குச் சீட்டுக்கவி எழுதினார். (மறு ஆண்டு கடையத்துக்கு அருகே பொட்டல்புதூரில் இசுலாம் மார்க்கத்தின் மகிமை பற்றி அவர் ஆற்றிய உரையை நம் சமுதாயத்தார் நன்கு அறிவர்.)

வழித்தோன்றல்கள்

மாணவர் கேட்ட வினாவுக்கு வருவோம். ஆம், அக்குடும்பம் இருக்கின்றது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி ஜமீன்கள் ஒழிக்கப்பட்டபின் ஆட்சியும் வருவாயும் போயின. அரண்மனைக் கட்டடம் முதுமையுற்றது. வழித்தோன்றல்கள் ஏனைய குடிமக்களைப் போலவே வாழ்கின்றனர். அவர்தம் பெயர்களையும் இருப்பிடங்களையும் இங்கு எழுதோம். முன்னோர் பெயரால் இழிசொல் கேட்க நேர்ந்தோரை நம் ஆர்வத்தின் பொருட்டு மேலும் தொல்லைப்படுத்துதல் முறையன்று. குடிவழி ஆய்வு செய்யும் மாணவர் உயிரோடிருப்போரின் வாயிலைத் தட்டுமுன் நூலகத்தின் வாயிலைத் தட்டுதல் நன்று.

உமறுப் புலவர் வழியையும் இவ்வாறே தேடலாம். அவர்தம் மைந்தர் எனக் கூறப்படும் கவிக்களஞ்சியப் புலவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது அம்மானை பாடினார். அத்தேடலை நம் துறை மாணவர் எவரேனும் மேற்கொள்வாராயின் நம்மாலான உதவியைச் செய்வோம்.

இறுதியாக வம்சமணி தீபிகை பற்றி ஒரு செய்தி. 1919 ஆகஸ்டில் பாரதி மன்னருக்கு மற்றொரு கடிதம் எழுதினார். அந்நூலின் நடை பிழைமலிந்து கிடப்பதை எடுத்துக்காட்டி, அதனை இனிய தமிழ்நடையில் தாமே திருத்தி எழுதித் தருவதாகக் கூறினார். சின்னச் சங்கரன் கதையில் அவ்வரண்மனையை எள்ளி நகையாடிய அதே கை, அம்மரபின் வரலாற்றைச் செம்மையாக எழுத முன்வந்தது. அப்பணி நிறைவேறவில்லை. 1921 செப்டம்பரில் பாரதி சென்னையில் மறைந்தார். சுவாமி தீட்சிதர் எழுதிய பழைய நடையிலேயே அந்நூல் இன்றும் நம் கைக்கு வருகின்றது.